பெரியம்மாவோட ஹார்மோன் மாத்திரை: நிறுத்தலாமா, தொடரலாமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். மெனோபாஸுக்காக ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கிட்டு இருக்குற ஒருத்தங்க, அதை நிறுத்தணுமா, தொடரணுமா?

ஓ.எம்.ஆர். பஸ்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குற இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு இது எதுக்குன்னு நீங்க கேக்கலாம். அந்த மாத்திரையை ஆப்ல ஆர்டர் பண்றது நீங்கதான், அதனால. "இதைச் சாப்பிட்டா கேன்சர் வருமாமே"ன்னு ஒரு ஃபார்வர்ட் வந்தா, அம்மா போனை நீட்டிக் கேக்குறதும் உங்ககிட்டதான். டாக்டர்கிட்ட அவங்களுக்குக் கிடைக்கிறது மூணு நிமிஷம். உங்ககிட்ட ராத்திரி முழுக்க கூகுள் இருக்கு. வீட்டுல படிச்ச பிள்ளைன்னு ஒருத்தர் இருந்தா, அவர் எந்தப் படிப்பு படிச்சாலும் பாதி டாக்டர்தான். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதனால இதைக் கேட்டுட்டு யாரும் எதையும் ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா போதும்.

முதல்ல, இந்த மாத்திரை என்ன பண்ணுது? மாதவிடாய் நிக்கிற காலத்துல சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதைக் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திடும். உடம்பு அதைப் பல இடத்துல உணரும். திடீர்னு குப்புன்னு அனல் அடிக்கும், ராத்திரி நைட்டி நனையுற அளவுக்கு வேர்க்கும், தூக்கம் போகும், மூட்டு வலிக்கும், எலும்பு மெலியும். குறைஞ்ச ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுக்கிறதுதான் ஹார்மோன் மாற்று சிகிச்சை, சுருக்கமா ஹெச்.ஆர்.டி. கருப்பை இருக்குறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுக்க மாட்டாங்க, கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஒண்ணும் வரும். தனியா ஈஸ்ட்ரோஜன் கொடுத்தா கருப்பையோட உள்சுவர் வளர்ந்துக்கிட்டே போய் அங்க புற்றுநோய் வர வாய்ப்பு கூடுதுன்னு 1975-லயே கண்டுபிடிச்சாங்க. கருப்பை எடுத்தவங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ சுண்ணாம்புக்குளத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி தாலுகா, பழவேற்காடு ஏரியை ஒட்டின பகுதி. ஆந்திர எல்லை பக்கத்துலயே இருக்கு, பாதிப் பேருக்குத் தமிழும் தெலுங்கும் கலந்துதான் வாயில வரும். உடம்பு சரியில்லைன்னா கும்மிடிப்பூண்டி, பொன்னேரி போவாங்க. இல்லைன்னா எல்லை தாண்டி தடா, சூளூர்பேட்டை. ரொம்ப முடியலைன்னாதான் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி சென்னை.

பழவேற்காடு ஏரியில பாடு முறைன்னு ஒண்ணு உண்டு. இன்னைக்கு இந்த இடத்துல யார் வலை போடணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல எல்லாம் புகழ்ந்து எழுதியிருப்பாங்க. ஆனா அந்தப் பாட்டுல பேர் இருக்கிறது ஆம்பளைங்களுக்குத்தான். பொம்பளைங்க வேலை கரைக்கு வந்ததும் ஆரம்பிக்கும்: பிரிக்கிறது, ஐஸ் போடுறது, கூடையைத் தூக்கிக்கிட்டு விக்கப் போறது. இருளர் பெண்கள் ஏரித் தண்ணிக்குள்ளேயே இறங்கி, கையால தடவி இறால் பிடிப்பாங்க. மணிக்கணக்கா உப்புத் தண்ணி, தலைக்கு மேல வெயில். உடம்பு உள்ள இருந்து அனல் அடிச்சா, அது வெயிலா வியாதியான்னு பிரிச்சுப் பார்க்க முடியாத வேலை.

என் பெரியம்மா அந்தப் பக்கம்தான். வயசு 46. மீன் வியாபாரம். 38 வயசுல அவங்களுக்கு மாசத்துல பாதி நாள் ரத்தப்போக்கு இருந்திருக்கு. ஒரு டவுன் ஆஸ்பத்திரியில "கர்ப்பப்பையை எடுத்துடலாம், குழந்தை பெத்து முடிச்சாச்சு, இனிமே எதுக்கு"ன்னு சொல்லி எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, எஸ்ட்ராடியால் வேலரேட். எதுக்குன்னு யாரும் விளக்கலை. "சூட்டு மாத்திரை"ன்னுதான் பெரியம்மா சொல்லுவாங்க. எட்டு வருஷமா அதை நான், இல்லைன்னா அக்கா, வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.

இந்த வருஷம் ஏலக்கடை பக்கத்துல யாரோ சொல்லியிருக்காங்க, "அந்த மாத்திரை சாப்பிட்டா மார்புல கட்டி வரும், நிறுத்திடு"ன்னு. பெரியம்மா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசம். "கூடை தலையில இருக்கும்போதே குப்புன்னு வேர்க்குதுடா, கண்ணு இருட்டுது, ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. வயசாயிடுச்சு போல"ன்னு போன்ல சொன்னப்பதான் எங்களுக்கே தெரிஞ்சுது. அப்புறம் அவங்க கேட்டது: "நிறுத்தினது நிறுத்தினதாவே இருக்கட்டுமா, இல்ல திரும்ப ஆரம்பிக்கட்டுமா? நீ படிச்சவன், சொல்லு."

நான் சொல்லலை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ஆனா போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் உட்கார்ந்து படிச்சேன். அதுல தெரிஞ்சதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

ஏலக்கடை ஆள் சொன்னது அவரோட கற்பனை இல்லை. அதுக்கு ஒரு வம்சாவளி இருக்கு. 2002 ஜூலை, அமெரிக்கா. விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு ஒரு பெரிய ஆய்வு. கருப்பை உள்ள 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை. எட்டு வருஷத்துக்கு மேல நடத்தத் திட்டம் போட்டிருந்தாங்க, சராசரி 5.2 வருஷத்துல பாதியில நிறுத்தினாங்க. மார்பகப் புற்றுநோய் 26% அதிகம்னு செய்தி உலகம் முழுக்கப் போச்சு. அமெரிக்காவுல ஒரே வருஷத்துல இந்த மருந்துச்சீட்டுகள் மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சுது. அந்தப் பயம் டாக்டர்கள் வழியா, மெடிக்கல் ஷாப் வழியா, இருபது வருஷம் கழிச்சு பழவேற்காட்டுக் கரை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

26 சதவீதத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். நம்ம ஆளுங்களுக்கு இது ஈசி. ஒரு சர்வர்ல எரர் 26 சதவீதம் கூடிடுச்சுன்னு மேனேஜர் கத்துனா, நாம முதல்ல என்ன கேப்போம்? "எத்தனையில இருந்து எத்தனை ஆச்சு?" அந்த ஆய்வுல, வெத்து மாத்திரை எடுத்த 10,000 பெண்கள்ல ஒரு வருஷத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய். நிஜ மாத்திரை எடுத்த 10,000 பேர்ல 38. எட்டு பேர் அதிகம். பக்கவாதமும் எட்டு பேருக்கு அதிகம், நுரையீரல்ல ரத்தக்கட்டி எட்டு, மாரடைப்பு ஏழு. அதே நேரம் இடுப்பெலும்பு முறிவு அஞ்சு பேருக்குக் குறைவு, பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்குக் குறைவு. எட்டு பேர்ங்கிறது சின்ன விஷயம்னு நான் சொல்லலை. அந்த எட்டுல ஒருத்தர் நம்ம வீட்டு ஆளா இருக்கலாம். ஆனா "சாப்பிட்டா கேன்சர் வரும்"ங்கிற வாக்கியமும் இந்த எண்ணும் ஒண்ணு இல்லை.

அதைவிட முக்கியம், அந்தப் பெண்கள் யாருங்கிறது. வயசு 50-லிருந்து 79 வரை, சராசரி 63. பெரும்பாலானவங்களுக்கு மாதவிடாய் நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. அனல் அடிக்குதுன்னு வந்தவங்க இல்லை. வயசான பெண்களுக்கு மாரடைப்பைத் தடுக்க இந்த மாத்திரை உதவுமான்னு பார்க்கத்தான் ஆய்வே நடந்துச்சு. பின்னாடி அதே தரவை வயசு வாரியாப் பிரிச்சப்போ, 60 வயசுக்குள்ள, அல்லது மாதவிடாய் நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சவங்களுக்குக் கணக்கு வேற மாதிரி, அதாவது நல்ல விதமா, இருந்துச்சு. 18 வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2017-ல வெளியிட்டாங்க: மொத்த இறப்பு விகிதத்துல மாத்திரை எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு விஷயம். அதே ஆய்வுல ரெண்டாவது குழு ஒண்ணு இருந்துச்சு. கருப்பை எடுத்த 10,739 பெண்கள், அவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். பக்கவாதம் கூடுதுன்னு அதையும் 2004-ல நிறுத்தினாங்க. ஆனா மார்பகப் புற்றுநோய் அந்தக் குழுவுல கூடலை. 2020-ல வந்த நீண்டகால முடிவுல, வெத்து மாத்திரை எடுத்தவங்களைவிடக் குறைவா இருந்துச்சு. இந்தச் செய்தி எந்த ஃபார்வர்ட்லயும் வராது. என் பெரியம்மா இந்தக் குழுவைச் சேர்ந்தவங்க. அவங்களைப் பயமுறுத்தினது முதல் குழுவோட எண். யாரோ ஒருத்தரோட சர்வர் லாகைப் படிச்சுட்டு நம்ம சர்வரை ஆஃப் பண்ற மாதிரி.

உடனே "அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்லை, ஜாலியா சாப்பிடலாம்"னு அந்தப் பக்கம் சாயவும் வேண்டாம். 2019-ல லான்செட் இதழ்ல, உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை வந்துச்சு. 50 வயசுல ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் தினமும் கூட்டு மாத்திரை எடுத்தா, அடுத்த இருபது வருஷத்துல ஏறக்குறைய 50 பேர்ல ஒருத்தருக்குக் கூடுதலா மார்பகப் புற்றுநோய் வரும்னு அதுல கணக்கு. ஈஸ்ட்ரோஜன் மட்டும்னா 200 பேர்ல ஒருத்தர். கவனிச்சீங்கன்னா, ரெண்டாவது எண் நான் இப்போ சொன்ன அமெரிக்க முடிவோட மோதுது. விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதுல முழு உடன்பாடு இல்லை. 2025 நவம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ., இந்த மருந்துகளோட அட்டையில இருபது வருஷத்துக்கு மேல இருந்த கறுப்புப் பெட்டி எச்சரிக்கைகள்ல பெரும்பாலானதை எடுக்கப் போறதா அறிவிச்சுது. அதுக்கும் கைதட்டினவங்க உண்டு, அவசரப்பட்டுட்டாங்கன்னு சொன்னவங்களும் உண்டு. என் அபிப்பிராயம்: நீண்ட காலம் கூட்டு மாத்திரை எடுக்குறவங்களுக்கு மார்பகக் கவலை நிஜமானது, அதை மறைக்கக் கூடாது.

சரி, பெரியம்மா கதைக்கு வர்றேன். இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா, இந்தப் பகுதி நிக்கட்டும்.

"கர்ப்பப்பையை எடுத்தாங்க"ன்னு எட்டு வருஷமா குடும்பமே சொல்லிக்கிட்டு இருந்தோம். அக்கா பீரோவுக்குள்ள தேடி, அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தாங்க. பிளாஸ்டிக் கவர்ல, ரேஷன் கார்டுக்கு அடியில. ஆபரேஷன் பேர் போட்டிருந்த இடத்துல டி.ஏ.ஹெச்., அதுக்குப் பக்கத்துல பி.எஸ்.ஓ. முதல் மூணு எழுத்துக்கு அர்த்தம், வயித்தைக் கிழிச்சுக் கருப்பையை எடுத்தது. அடுத்த மூணு எழுத்துக்கு அர்த்தம், ரெண்டு பக்கமும் கருக்குழாயையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்தது. பெரியம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. "எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சும்மா"ன்னு சொன்னாங்களாம். அந்த "எல்லாம்"ங்கிற வார்த்தைக்குள்ள சினைப்பையும் இருந்திருக்கு.

இது ஏன் முக்கியம்? கருப்பையை மட்டும் எடுத்து சினைப்பையை விட்டுட்டா, மாதவிடாய் வராது, ஆனா ஹார்மோன் சுரக்கும். அப்பவும் மெனோபாஸ் சில வருஷம் முன்னாடி வரலாம். ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டா, அன்னைக்கு ராத்திரியே மெனோபாஸ். நாலஞ்சு வருஷத்துல படிப்படியா இறங்க வேண்டிய படிக்கட்டை மொட்டை மாடியிலிருந்து குதிச்சு இறங்குற மாதிரி. 38 வயசுல.

பெரியம்மா தனி ஆள் இல்லை. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இந்தியாவுல 15-லிருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பெண்கள்ல சுமார் 3 சதவீதம் பேர் கருப்பையை எடுத்தவங்க. ஆந்திராவுல அது 9 சதவீதத்தை நெருங்குது, நாட்டிலேயே அதிகம். எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு 35 வயசுக்குள்ளேயே எடுத்தாச்சு. மூணுல ரெண்டு ஆபரேஷன் தனியார் ஆஸ்பத்திரியில. மகாராஷ்டிரா பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டுற பெண்கள் விஷயம் 2019-ல பெரிய செய்தியாச்சு: அரசுக் குழு விசாரிச்ச சுமார் 82,000 பெண்கள்ல 13,000-க்கும் மேல கருப்பை இல்லாதவங்க. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்குத் தேவையில்லாம கருப்பையை எடுத்ததா 2013-ல ஒரு டாக்டர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நரேந்திர குப்தா வழக்கு. தீர்ப்பு 2023 ஏப்ரல்ல வந்துச்சு: தேவையில்லாத ஆபரேஷனைத் தடுக்குற மத்திய அரசு வழிகாட்டுதலை எல்லா மாநிலமும் மூணு மாசத்துக்குள்ள அமல்படுத்தணும்னு. தீர்ப்பு ஆபரேஷனைப் பத்தினது. ஏற்கெனவே எடுத்தாச்சு, அந்த உடம்போட நாப்பது வருஷம் வாழணும்ங்கிறவங்களுக்கு என்னன்னு கேக்க ஆள் இல்லை.

அவங்களுக்குப் பதில் சொல்ற ஆய்வுகள்ல ஒண்ணு 2006-ல மேயோ கிளினிக்ல இருந்து வந்துச்சு. 45 வயசுக்கு முன்னாடி ரெண்டு சினைப்பையையும் எடுத்த பெண்கள்ல இறப்பு விகிதம் கூடுதலா இருந்துச்சு. முக்கியமா யாருக்கு? அந்த வயசு வரைக்கும் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்காதவங்களுக்கு. இதயம், எலும்பு, மூளை, எல்லாமே அந்த ஹார்மோனை எதிர்பார்த்துக்கிட்டு இருக்குற வயசு அது. அதனாலதான், புற்றுநோய் மாதிரி தடை எதுவும் இல்லைன்னா, இயற்கையா மாதவிடாய் நிக்கிற வயசு வரைக்கும் ஹார்மோன் எடுக்கணும்னு உலகம் முழுக்க வழிகாட்டுதல்கள் சொல்லுது. இவங்களுக்கு அது 'கூடுதல்' மருந்து இல்லை. வெட்டி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்குறது. 63 வயசு அமெரிக்கப் பெண்ணுக்குப் புதுசா மாத்திரை கொடுக்குறதும், 40 வயசுல சினைப்பை இல்லாத பெண்ணுக்கு மாத்திரையை நிறுத்துறதும் ஒரே கணக்கு ஆகாது.

ஆனா இங்கதான் எனக்கு ஒரு சிக்கல் வந்துச்சு. இயற்கையா நிக்கிற வயசுன்னா எது? மேல்நாட்டு வழிகாட்டுதல்ல 51-ன்னு போட்டிருப்பாங்க. இந்தியப் பெண்களுக்குச் சராசரி 46, 47. பெரியம்மாவுக்கு இப்போ 46. அமெரிக்கக் கோட்டை வெச்சா இன்னும் அஞ்சு வருஷம். நம்ம ஊர்க் கோட்டை வெச்சா இப்பவே நிறுத்திடலாம். அந்த டாக்டரம்மாகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அவங்க சிரிச்சாங்க. "46-ல விசில் அடிச்சு முடிக்கிறதுக்கு இது கபடியாப்பா?"ன்னாங்க. அந்த வயசு குறைஞ்சபட்ச எல்லை, அதுக்கு முன்னாடி நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் கடைசித் தேதின்னு எதுவும் கிடையாது. வருஷா வருஷம் உட்கார்ந்து, தொல்லை எப்படி இருக்கு, எலும்பு எப்படி இருக்கு, பி.பி. எப்படி, மார்பகப் பரிசோதனை என்ன சொல்லுது, குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் இருக்கான்னு பார்த்து முடிவெடுக்கணும்னாங்க. அப்புறம் பெரியம்மாவைப் பார்த்து, என்னைப் பார்க்காம, கேட்டாங்க: "உங்களுக்கு என்னம்மா வேணும்?" பெரியம்மா சொன்னது: "தூங்கணும். கூடையோட விழாம இருக்கணும்." எனக்கு அதைவிடத் தெளிவான ரெக்வயர்மென்ட் டாக்குமெண்ட் எந்தக் கிளையண்டும் கொடுத்ததில்லை.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தாங்க, டெக்ஸான்னு பேரு. அடர்த்தி கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. ஊர்ப் பேர்லயே கால்சியம் இருக்கு. (சிரிப்பு) பழவேற்காடு ஏரியில கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்பு பண்றது பழைய தொழில். "நான்தான் வெத்தலைக்குத் தினம் சுண்ணாம்பு தடவுறேனே"ன்னு பெரியம்மா வாதாடினாங்க. வெத்தலை பாக்குக்குத் தனி எபிசோடு போடணும். பி.பி.யும் லேசா ஏறியிருந்துச்சு. அதனால தொடரலாம், ஆனா மாத்திரைக்குப் பதிலா ஜெல்லுக்கு மாத்தலாம்னு டாக்டர் சொன்னாங்க. வாய் வழியாப் போற ஈஸ்ட்ரோஜன் முதல்ல கல்லீரலைத் தாண்டிப் போகுது, அங்க ரத்தம் உறையுற சங்கதிகளைத் தூண்டுது. தோல் வழியாப் போனா அது இல்லை, ரத்தக்கட்டி ஆபத்து குறைவு.

ஜெல்லுல ஒரு நடைமுறைச் சிக்கல். தடவினா காயணும், அப்புறம் ஒரு மணி நேரமாவது அந்த இடம் நனையக் கூடாது. விடியக்காலையில மீன் எடுக்கப் போறவங்க, ஐஸ் தண்ணிக்குள்ள முழங்கை வரைக்கும் கை விடுறவங்க. காலையில கையில தடவச் சொன்னா அரை மணி நேரத்துல ஏரிக்குப் போயிடும். அதனால ராத்திரி, தொடையில. தோள்ல ஏன் வேண்டாம்னா, பேத்தி அவங்க தோள்ல சாஞ்சுதான் தூங்கும். ஜெல் பூசின தோல் குழந்தை மேல உரசினா மருந்து அதுக்கும் போகும். இந்த விவரம் மருந்துப் பெட்டிக்குள்ள இருக்குற காகிதத்துல இருக்கு. யாரு படிக்கிறா?

எல்லாருக்கும் விடை "தொடருங்க" இல்லை. நம்ம சேனல் கேக்குற ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரோட அம்மாவுக்கு 58 வயசு. 49-ல இயற்கையா மாதவிடாய் நின்னுச்சு, கருப்பை இருக்கு, ஒன்பது வருஷமா கூட்டு மாத்திரை. இப்போ அனல் இருக்கான்னே தெரியலை, ஏன்னா மாத்திரை அதை அமுக்கி வெச்சிருக்கு. அவங்க நிலைமையில, நிறுத்திப் பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்குறது ரொம்ப நியாயமான கேள்வி. கூட்டு மாத்திரையில வருஷம் கூடக் கூட மார்பகக் கணக்கும் கூடுது. அமெரிக்காவுல நடந்த ஸ்வான் ஆய்வுப்படி, அனல் தொல்லை பாதிப் பேருக்கு ஏழு வருஷத்துக்கு மேல நீடிக்கும், ஆனா பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாள் முடியும். முடிஞ்சுதான்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, குறைச்சுப் பார்க்குறது.

எப்படிக் குறைக்கிறது? சட்டுனு நிறுத்துறது, மூணு நாலு மாசத்துல படிப்படியாக் குறைக்கிறது, ரெண்டும் உண்டு. படிப்படியாக் குறைச்சா ஆரம்பத்துல தொல்லை திரும்ப வர்றது கொஞ்சம் குறையும். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னுதான் வழிகாட்டுதல்கள் சொல்லுது. எப்படி நிறுத்தினாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அனல் கொஞ்ச நாள் எட்டிப் பார்க்கும். அது தானா அடங்குதான்னு ரெண்டு மூணு மாசம் பார்க்கலாம். தாங்க முடியலைன்னா, குறைஞ்ச அளவுல திரும்ப ஆரம்பிக்கலாம், ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கு. நிறுத்தினதால தோத்துட்டோம், ஆரம்பிச்சதால தோத்துட்டோம்னு எதுவும் இல்லை.

இதுல ஆபத்தான இடம் ஒண்ணு இருக்கு. கருப்பை உள்ளவங்க ரெண்டு மருந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க. புரோஜெஸ்டிரோன் மாத்திரை சிலருக்கு மயக்கமா, உப்புசமா இருக்கும். "இந்த ஒண்ணை மட்டும் விட்டுடுறேன்"னு தாங்களே நிறுத்திடுவாங்க. இல்லைன்னா மெடிக்கல்ல ஒண்ணு ஸ்டாக் இருக்காது, இன்னொண்ணை மட்டும் வாங்கிட்டு வருவீங்க. முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல? கருப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்றது கருப்பைப் புற்றுநோய்க்குக் கதவைத் திறந்து விடுற வேலை. நிறுத்துறதா இருந்தா எப்படின்னு டாக்டர் சொல்லணும், ஸ்டாக் முடிவு பண்ணக் கூடாது. மாதவிடாய் நின்ன பிறகு திரும்ப ரத்தம் பட்டா, ஒரு துளியா இருந்தாலும் காட்டணும். காலு ஒண்ணு மட்டும் வீங்கி வலிச்சா, நெஞ்சு வலிச்சா, மூச்சு முட்டினா, ஒரு பக்கம் மரத்துப் போனா, அன்னைக்கே ஆஸ்பத்திரி. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டி வந்தவங்க, கல்லீரல் ரொம்பக் கெட்டவங்க, இவங்களுக்கெல்லாம் இந்த மாத்திரை பொதுவா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க.

நிறுத்தினா எலும்புப் பாதுகாப்பும் சில வருஷத்துல போயிடும்கிறதால, அதுக்கு வேற ஏற்பாடு இருக்கான்னு சேர்த்துக் கேளுங்க. அப்புறம், வெளியில சொல்ல வெக்கப்படுற இன்னொரு தொல்லை: பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், திரும்பத் திரும்ப வர்ற யூரின் இன்ஃபெக்‌ஷன். அனல் மாதிரி இது காலப்போக்குல தானா போகாது, கூடும். மார்க்கெட்ல கழிப்பறை இல்லாம எட்டு மணி நேரம் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்குற பெண்களுக்கு இது ரெட்டைத் தண்டனை. அந்த இடத்துல மட்டும் வைக்கிற குறைஞ்ச அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு. அது ரத்தத்துல கலக்குறது ரொம்பக் கம்மி. மாத்திரையை நிறுத்தினாலும் அதைத் தொடரலாமான்னு கேக்கலாம். இதை அம்மாகிட்ட நீங்க பேச முடியலைன்னா, அக்காவோ அத்தையோ பேசட்டும், இல்லைன்னா டாக்டர் ரூமுக்கு வெளியில நீங்க உட்காருங்க. நான் அதைத்தான் பண்ணேன்.

கடைசியா ஒரு ஆதங்கம். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சுது. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. நல்ல திட்டம், பெரியம்மாவுக்கு இப்போ பி.பி. மாத்திரை அப்படித்தான் வரப் போகுது. அந்தப் பையில சினைப்பை இல்லாத நாப்பது வயசுப் பெண்ணோட மாத்திரைக்கு இடம் இல்லை. வீட்டுக்கு வர்ற அந்த அக்காகிட்ட பெரியம்மாவே கேட்டாங்களாம், "என் சூட்டு மருந்தையும் சேர்த்துக் கொண்டாந்தா என்ன?"ன்னு. அவங்க நோட்டுல எழுதிட்டுப் போயிருக்காங்க.

அடுத்த ரிவ்யூ ஒரு வருஷம் கழிச்சு. இப்போதைக்குத் தூக்கம் அஞ்சு மணி நேரம் வருதாம்.

உங்க வீட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில பி.எஸ்.ஓ. இருக்கான்னு இன்னைக்கு ராத்திரி பாருங்க. சந்தேகம் இருந்தா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டு ஒரு கேள்வி பதில் எபிசோடு போடுறேன். போட்டோ மட்டும் அனுப்பாதீங்க. அது உங்க அம்மாவோடது, அவங்களைக் கேக்காம யாருக்கும் காட்டாதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.